மூன்றாவது ஓலை

வரதராசன்பேட்டை மாதா கோயிலில் அன்றைக்கு மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஜோடியின் பெயரை வாசித்து, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் கேட்பார். இதையும் தாண்டிவிட்டால் கல்யாணம் உறுதி.

மணப்பெண் கணக்கு டீச்சர் சோபியா இன்னும் முடிவுக்கு வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் வந்த வரன். செபஸ்டின் மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், ஏலாக்குறிச்சியில் நெல் விவசாயம். இவள் வேலையோ பெரம்பலூரில். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு உதைத்தது. ஆனால் அந்த மனுஷன் சிரித்தால் இவளுக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது!

காலையிலேயே தம்பி பிரபு கறாராகக் கேட்டிருந்தான். "யக்கா, வேணுமா, வேணாமா? சொல்லக் கூச்சமா இருந்தா விடு, கோயில்ல நானே எந்திரிச்சு நிறுத்திடறேன்."

"யோசிக்கிறேன்டா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சாமியார் பெயர்களை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார்.

ஆண்கள் பக்கத்தில் பிரபு எழுந்தான்!

யோசிக்க ஏது நேரம்? சோபியா துள்ளி எழுந்தாள்.

"டேய் பிரபு, உக்காருடா! வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்!"

மொத்தக் கோயிலும் அவள் பக்கம் திரும்பியது. பிரபு திருதிருவென்று விழித்தான்.

"ஃபேன் போடத்தான் எந்திரிச்சேன்க்கா..."

எங்கிருந்தோ கிளம்பிய சிரிப்பு கோயில் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் செபஸ்டினும் சிரித்தார். வழக்கம்போல இவளுக்கும் வந்து தொலைத்தது.

ஆனால் சோபியா உட்காரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி. நீங்க மேல படிங்க."