ஆறு மாதம் நீடித்த செவ்வாய்க்கிழமை

அந்தத் துறைமுக ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு மாதம் நீடித்தது. சூரியன் ஒழுங்காக உதித்தது, ஒழுங்காக மறைந்தது, ஜனங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தார்கள். எழுந்து பார்த்தால் மறுபடியும் செவ்வாய். துறைமுக அலுவலகத்துச் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைப் பியூன் நகத்தால் சுரண்டினார், பிளேடு போட்டுப் பார்த்தார். அது கிழிவேனா என்றது. பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை அட்டவணைப்படி தினமும் முதல் இரண்டு மணி நேரம் கணக்குப் பாடம் நடந்தது, பாவம் அந்தப் பிள்ளைகள். முடிதிருத்தும் கடைக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே மூன்றாம் மாதத்தில், நடந்து போகிறவர் ஆணா பெண்ணா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. புதன்கிழமை கல்யாணம் வைத்திருந்த ஒரு தையல்காரி தன் கல்யாண உடுப்பைத் தானே இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பதினேழு நாள் ஓடிய ஊர்தானே அது.

பதறியவர் ஒருவர்தான், ஐஸ் பிளான்ட் போட அயல்நாட்டிலிருந்து வந்திருந்த நம் ஆள். சொந்த ஊரில் அவருடைய பட்டறைத் தொழிலாளிகள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி அல்ல. பாலையே பால் என்று நம்பமாட்டார். தராசைத் திருப்பிப் பார்ப்பார், பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார், கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரத்தை மேடையிலேயே கடித்துப் பார்த்தவர். மாமியார் அதை இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஒன்பது வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, மனைவி கர்ப்பமாகி நாலாம் மாதம் பிறந்த சமயத்தில், அந்தத் தூரதேசத்து மீனவர் சங்கத்திலிருந்து ஐஸ் பிளான்டுக்கு ஆர்டர் வந்தது. பட்டறை மூன்று வருடம் உழைத்துச் செய்து வைத்திருந்த பிளான்ட் ஏழு மரப்பெட்டிகளில் ஏறியது. பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பட்டறையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, அவன்மேல் ஒரு கண் வைத்திருக்கும்படி வாட்ச்மேனிடமும், வாட்ச்மேன்மேல் ஒரு கண் வைக்கும்படி மைத்துனனிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஊருக்குக் கடல்வழி மட்டும்தான். திங்களும் புதனும் கப்பல் வரும், வந்த கப்பலே திரும்பிப் போகும். திங்களன்று பெட்டிகளோடு இறங்கினார். பெட்டிகள் சுங்கக் கொட்டகைக்குள் போயின. செவ்வாய் காலை துறைமுக அதிகாரியின் எதிரே உட்கார்ந்தார். மொழிபெயர்க்க ஒருவர் கிடைத்தார், கப்பல்களில் இருபது வருடம் சமையல் பார்த்து நம் ஆட்களோடு பழகித் தமிழ் பிடித்துக்கொண்ட கிழவர். பெட்டிகளை விடுவிக்கும் சீட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு அதிகாரி இரண்டு நிமிடம் பேசினார். சமையல்காரர் அதை "பார்ப்போம்ங்கறார்" என்று முடித்துவிட்டார். இரண்டு நிமிடப் பேச்சு எப்படி ஒரே சொல்லாகும்? நம் ஆளுக்குச் சுருக்கென்றது.

"பார்ப்போம்னா என்ன அர்த்தம்? நாளைக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?"

"கிடைச்சாலும் கிடைக்கும்ங்கறார்."

"இந்த வழவழா கொழகொழா எல்லாம் நம்மகிட்ட வேண்டாம். நாளைக்குக் கண்டிப்பா கிடைக்குமா? பேச்சு மாற மாட்டாரே? அவரையே வாயால சொல்லச் சொல்லுங்க."

மூன்று தடவை கேட்டார். நம் பக்கத்தில் அப்படிக் கேட்பதுதானே வழக்கம், கேட்காதவன் ஏமாளி. மூன்றாவது தடவை கேட்டபோது அறையிலிருந்த குமாஸ்தாக்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அதிகாரி முகம் வெளுத்து, நெஞ்சில் கை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னார். "நாளைக்குங்கறார்" என்றார் சமையல்காரர், குரல் உள்ளே போய்விட்டது. நம் ஆள் வெற்றியோடு விடுதிக்குப் போய்ப் படுத்தார். விடிந்தது, செவ்வாய்.

முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் கத்தினார், மூன்றாம் வாரம் சந்தேகப்பட ஆரம்பித்தார். அது அவருக்குக் கைவந்த கலை. விடுதிக்காரி ஒரு நாள் வாடகைக்கு மேல் வாங்க மறுத்தாள். தங்கினது ஒரு செவ்வாய்தானே என்றாளாம். சும்மா கொடுக்கிறவள் சும்மா விடுவாளா என்று நம் ஆள் அன்றிலிருந்து கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டுப் படுத்தார். தினமும் கொட்டகைக்குப் போய்ப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். ஏழும் பத்திரமாக இருந்தன. மழைக்கு யாரோ தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் பெருக்கியும் வைத்திருந்தார்கள். திருடும் எண்ணம் இல்லாதவன் எதற்கு இவ்வளவு அக்கறை காட்டுகிறான்? மேஜைக்கு அடியில் ஒரு கவரை நீட்டிப் பார்த்தார். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தொகை போதவில்லை என்று இவர் முடிவுகட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்திலும் பேய்.

தபால் நிலையத்துத் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. சொந்த ஊரில் வியாழன், வெள்ளி, சனி என்று நாள் தன் பாட்டுக்கு ஓடியது. விஷயத்தைச் சொன்னதும் மைத்துனன், "யார்கிட்ட மாமா காது குத்தறீங்க? பிளான்டை வேற ஆளுக்கு வித்துட்டீங்களா?" என்றான். மனைவியோ, "அப்படியா? அந்த ஊர்ல அப்படிப் போல இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். தம்பியின் சந்தேகம் அவருக்கு இதமாக இருந்தது, அவர் பேசும் பாஷை அது. மனைவி உடனே நம்பியதுதான் உறுத்தியது. இதையெல்லாம் ஒருத்தி எப்படி நம்புவாள்?

நாலாம் மாதத்தில் ஒரு மத்தியானம் சமையல்காரர் அவரை மீன்சந்தைக்குப் பின்னால் கூட்டிப்போய், யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஐயா, போதும் விட்டுடுங்க. ஊரே உங்களைக் கல்நெஞ்சுக்காரர்னு பேசுது."

"நான் என்னத்தைய்யா பிடிச்சு வெச்சிருக்கேன்? நீங்கதான் என்னைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க!"

கிழவர் திகைத்துப்போனார். உமக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சொன்னார்: இந்த ஊரில் நெஞ்சில் கை வைத்துக் கொடுத்த வாக்குப் பொய்க்காது, பொய்த்ததே இல்லை. அதிகாரி நாளைக்கு என்று சொல்லிவிட்டார். ஆனால் சீட்டில் குத்தவேண்டிய முத்திரை மேலதிகாரியின் பையில் இருக்கிறது, அவர் வருவது புதன்கிழமைக் கப்பலில். மத்தியானக் கப்பல் வந்து, அவர் வந்து, முத்திரை குத்தி, எல்லாம் அன்றைக்கே ஆகுமா என்பது நிச்சயமில்லை. அதைத்தான் முதலில் இரண்டு நிமிடம் விளக்கினார், பார்ப்போம் என்றார். நீங்கள் விடவில்லை. நிச்சயமில்லாததற்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த வாக்குத் தவறிவிடுமோ என்று இருக்கும்வரை நாளை எப்படி வரும்?

"வாக்கை விட்டுக் குடுக்கறேன்னு வாங்கினவர்தான் தானா வந்து சொல்லணும். நாங்க கேட்டா அதிகாரியை நாலு பேர் நடுவுல கையாலாகாதவர்னு சொன்ன மாதிரி ஆகும். செத்துப்போயிடுவார் மனுஷர். நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க."

எவ்வளவு எளிது! போய், நாளைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் நம் ஆள் விடுதிக்குத் திரும்பி, கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்து உட்கார்ந்து யோசித்தார். ஓகோ, இதுதானா சூட்சுமம்! ஊரே சேர்ந்து நாலு மாதம் நாடகம் ஆடியது இதற்குத்தானா? வேண்டாம் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, நீர்தானே வேண்டாம் என்றீர் என்று ஏழு பெட்டியையும் அமுக்கிவிடுவார்கள். அந்த நாடகத்துக்காக ஊரே முடி வெட்டிக்கொள்ளாமல் இருக்குமா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. மனைவியிடம் தொலைபேசியில் சொன்னார். "அந்தப் பெரியவர் சொல்றபடி செஞ்சு பாருங்களேன்" என்றாள். "பெட்டி போனாப் போகட்டும், நீங்க வந்து சேருங்க. எனக்குப் பயமா இருக்கு." உனக்கு உலகம் தெரியாது என்றார் இவர். உலகம் தெரிந்தவர் இன்னும் இரண்டு மாதம் செவ்வாய்க்கிழமையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு நாள் தபால் நிலையத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. போனில் மாமியார். "மாப்பிள்ளை, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம்." அந்த நேரத்திலும், இது தன்னை வரவழைக்க மைத்துனன் செய்யும் ஏற்பாடாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தார், சண்டாளர். அதற்குள் மாமியாருக்குப் பின்னாலிருந்து மனைவி அலறுவது கேட்டது. ரிசீவரை வைக்கக்கூட இல்லை. தோள்வரை வளர்ந்த முடி பறக்க, ஒரு செருப்போடு துறைமுக அலுவலகத்துக்கு ஓடினார். மொழிபெயர்க்க ஆள் தேடவில்லை. அதிகாரியின் எதிரே நின்று, "ஐயா, நாளைக்கு வேண்டாம். எப்பவுமே கிடைக்காட்டாலும் சரி. உங்க வாக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லி அழுதார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, புரிந்தது. எழுந்து சுவரண்டை போய்த் தாளை இழுத்தார். அது சாதாரணக் காகிதமாகக் கிழிந்து வந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குப் புதன்கிழமை ஆரம்பித்தது.

பத்து நிமிடத்தில் முடிதிருத்தும் கடை திறந்து வாசலில் வரிசை நின்றது. தையல்காரியின் கல்யாணம் நாலு மணிக்கு. நாலேகாலுக்குக் கப்பல் மேலதிகாரியை இறக்கிவிட்டுத் திரும்ப ஊதியது. பெட்டிகளைத் திரும்பியும் பாராமல் நம் ஆள் ஏறி நின்றார். ஏறுபலகையை இழுக்கும் சமயத்தில் அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு காகிதத்தைத் திணித்தார். முத்திரை மை இன்னும் காயவில்லை. கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல் கொடுத்த சீட்டு அது. ஊர் கண்ணுக்கு மறையும்வரை அதில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

நாலு நாள் பயணம். சொந்த நாட்டுத் துறைமுகத்தில், திங்கள் நுழைந்து புதன் வெளியேறியதாக ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, "அந்த ஊரா? சரி, போங்க" என்று குத்திக் கொடுத்தார். வீட்டில் குழந்தைக்கு வயது நாலு நாள், பெண்.  மனைவி குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை முடியவே மாட்டேங்குதுன்னீங்க, நம்பினேன். அம்மா நம்பினாங்க. அந்தப் பெரியவர் சொன்னதை அன்னிக்கே நீங்க நம்பியிருந்தா, வலி வந்தப்போ பிடிச்சுக்க உங்க கை இருந்திருக்கும். கட்டில் கம்பியைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் மடியில் போட்டாள். 

பெட்டிகள் அங்கே பத்திரமாகத்தான் இருந்தன. மைத்துனன் போய்ப் பிளான்டைப் பொருத்தி ஓடவிட்டு வந்தான். அப்புறமும் வருடாவருடம் சர்வீஸுக்குப் போனான். ஒரு வியாழக்கிழமை ஒன்பது நாள் ஓடியதாகச் சொன்னான். அடுத்த தடவை கூடுதலாக ஆறு சட்டை எடுத்துப் போனான், அவ்வளவுதான். நம் ஆள் அதற்கப்புறம் எந்த ஊருக்கும் போகவில்லை. நாலு வருடம் கழித்து இரண்டாவது குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி உள்ளேயே இருந்தார். வலி எடுத்ததும் கையை நீட்டினார். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பழக்கதோஷம், கட்டில் கம்பியைத்தான் பிடித்தாள்.