கால் கறுப்பு

முழங்கால் வரை ஏறியிருந்த சேற்றை வாசல் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள் மகள். கழுவி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்துவிட்டது.

"பாத்தியாம்மா?"

உப்பளத்தில் மதகு திறந்து மூடுகிற வேலை அவருக்கு. குளிர்காலத்தில் கழிமுகத்துக்கு வரும் பறவைகளைக் குறித்துவைத்து, பறவைப் பதிவேடு வைத்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுப்பார். நான்கு நாளைக்கு முன்னால், காய்ச்சலோடு நெஞ்சு அடைத்துப் படுத்த அன்று காலையில், அந்தக் கரையில் யாருமே பார்த்திராத ஒன்றைப் பார்த்துவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்குகிற உள்ளான். அலகு நுனி கரண்டிபோல. ஆனால் ஒருவர் மட்டும் பார்த்தால் வாத்தியாரின் பதிவேட்டில் ஏறாது. இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தான் விடிந்ததும் மகளை அனுப்பியிருந்தார்.

இரண்டு மணி நேரம் நின்றாள். சிவந்த கால்களோடு பவளக்காலிகள்தான் மேய்ந்தன, எப்போதும்போல.

"பாத்தேன்ப்பா."

"அலகு?"

"கரண்டிதான்."

"கால்?"

"சிவப்பு."

அப்பாவின் மூச்சு விசிலடித்தது.

"நான் கறுப்புன்னு எழுதிட்டேனே. என் கண்ணுதான் போச்சு போல. நோட்டை எடு. அதை அடிச்சிட்டு சிவப்புன்னு போடு. உன் பேரையும் எழுது."

அவள் அடித்தாள். எழுதினாள்.

சித்தி வெந்நீரோடு வந்தாள். "அப்பனும் மகளும் கொக்கு பாத்தது போதும். வாயத் திறங்க அத்தான்."

"கொக்கு இல்ல, உள்ளான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. பதினோரு மணிக்கு மூச்சின் விசில் நின்றது.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். கால்மாட்டில் நின்றுவிட்டுத் திரும்பும்போது தயங்கினார்.

"ஏதோ எழுதி வச்சிருக்கறதா சொல்லி அனுப்பியிருந்தாரு..."

அவள் நோட்டை நீட்டினாள். படிக்கப் படிக்க மலர்ந்த முகம் கடைசி வரியில் சுருங்கியது.

"கால் சிவப்பா? அதுக்குக் கறுப்பும்மா. இது பவளக்காலியா இருக்கும். பாவம், காய்ச்சல்ல பாத்திருப்பாரு."

"விடுங்க சார்" என்றார் சித்தப்பா. "எங்க அண்ணனுக்குக் காக்காகூட கப்பல்ல வந்த காக்காதான்." யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"அடிச்சிருக்கறதப் படிங்க சார்" என்றாள் அவள். "அதான் அப்பா பாத்தது. நான் பாக்கவே இல்ல. பாத்ததா சொன்னேன். என்னை நம்பித் தன்னோடத அடிக்கச் சொன்னாரு."

"ஏண்டி..." என்றாள் சித்தி.

வாத்தியார் நோட்டை மூடாமல் வைத்திருந்தார். "அப்போ ஒரு ஆள்தாம்மா ஆச்சு."

"தெரியும் சார்." பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், தண்ணீர் வற்றும் நேரத்தில், சேற்றில் வாத்தியாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொலைநோக்கியை அவள் பக்கம் திருப்பினார்.

"அந்த ஓரத்துல, தனியா. கால் கறுப்புதானே?"

"கறுப்புதான்."

"அப்போ அதுதாம்மா. எழுதிடவா?"

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அலகு சேத்துக்குள்ள இருக்கு சார். எடுக்கட்டும்."

வாத்தியார் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். காற்று குளிர்ந்தது. சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அந்தச் சின்னப் பறவை தலையைக் குனிந்தபடியே இரண்டடி நகர்ந்தது.