கல்லுக்கு ஊற்றிய பீர்

தைஸ்தோ பணி ஓய்வு பெறுகிறான். கெமி நகரக் காவல் நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், விருந்து. அவனோடு வருஷக்கணக்கில் ரோந்து போன என்சியோவுக்கும் அழைப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் போய்விட்டான்.

மரப்பலகை வாசமும் நீராவியும் முகத்தில் அடித்ததும் நெஞ்சு இளகிவிட்டது. எத்தனை மாலைகள் இங்கே! தண்டவாளத்தில் கிடந்தவனை அள்ளிக் கட்டிய நாளும், பிள்ளை செத்த செய்தியைத் தாயிடம் சொன்ன நாளும் முடிந்தது இதே பலகையில்தான். யாரும் அழவில்லை, அதற்குப் பதில் குடித்தார்கள். முதல் வாய் பீர் அடுப்பின் மேல் கொதிக்கும் கற்களுக்கு. சுட்ட ரொட்டி வாசம் எழும்பும். மிச்சமெல்லாம் தொண்டைக்கு. அந்தக் கூட்டம்தான் தன்னைக் கவிழ்த்தது என்று தெரிந்தும், என்சியோ அதற்காகவே ஏங்கினான்.

காலையில் ரோந்து வண்டியை எடுக்குமுன் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் கருவியில் ஊத வேண்டும். என்சியோ தள்ளாடி வரும் நாட்களில் அவனுக்கும் சேர்த்துத் தைஸ்தோவே ஊதிவிடுவான். அதைத்தான் நட்பு என்று இருவரும் நம்பினார்கள். ஒருநாள் தைஸ்தோ ஊத மறுத்து, மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டான். என்சியோவுக்கு ரோந்து வேலை போயிற்று. குடிக்குச் சிகிச்சை முடிந்த பின் நிலையத்திலேயே பாஸ்போர்ட் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். அவன் குடியை விட்டான், தைஸ்தோவோடு பேச்சையும் விட்டான்.

புதிதாகச் சேர்ந்த ஒருவன் விவரம் தெரியாமல் என்சியோ கையில் பீரைத் திணித்தான். பாட்டில் சில்லென்றிருந்தது. ஒரு வாய் போதும், பழைய நாட்கள் திரும்பிவிடும் என்று நாக்கு கெஞ்சியது. என்சியோ எழுந்து பாட்டிலை அப்படியே கற்களில் கவிழ்த்தான். ரொட்டி வாசம் அறையை நிறைத்தது.

"இன்னைக்குக் கல்லுக்கு நல்ல போதைடா," என்றான் தைஸ்தோ. என்சியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உடை மாற்றும்போது தைஸ்தோவுக்குப் போதையில் கால் நிலைகொள்ளவில்லை. என்சியோ அவனுடைய கார் சாவியை வாங்கிக்கொண்டான்.

"நான் ஓட்டுறேன், நீ சும்மா வா."

தைஸ்தோ அலமாரியிலிருந்து அந்தக் கருவியை எடுத்தான். "வழக்கம்போல உனக்கும் சேத்து ஊதட்டுமா?"

என்சியோ அதைப் பிடுங்கித் தானே ஊதினான். பூஜ்யம் விழுந்தது. தைஸ்தோ அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இதைப் பாக்கணும்னுதான்டா அன்னைக்கு நான் ஊதல."