நீலம் ஏறாத குப்பி

முற்றத்துக் குளம் மாதக் கடைசிக்குள் தெளியாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடுவேன் என்று விடுதி முதலாளி சொல்லிவிட்டார். வண்ணமீன் கடைக்காரிக்கு அது சொந்த நஷ்டம். அந்தக் குளத்து மீன்கள் அத்தனையும் அவள் தொட்டியில் விரல் நீளத்தில் இருந்து வளர்ந்தவை. குளத்தைக் காட்டித்தான் அவள் பாதி வாடிக்கையைப் பிடித்திருந்தாள். அதை மூடினால் கடையின் மானமும் சேர்ந்து புதையும்.

குளமோ பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியது போலக் கிடந்தது. 'தொப்பை' என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய ஆரஞ்சு மீனைக் கண்ணால் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. அவள் கொழுந்தன் பாசி மருந்து வியாபாரி. இந்தக் குளத்துக்கென்று அவளிடமே கேன் கேனாக விற்றிருந்தான். ஊற்றினால் தெளியும், கொஞ்ச நாளில் பழையபடி பச்சையாகும், மறுபடி கேன் வாங்குவாள். அதில் அவனுக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு அவள் சோதனைப் பெட்டியோடு போனபோது அவனும் புதுக் கேனோடு நின்றிருந்தான். தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால் பாசிக்கு விருந்து. அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெட்டி. அவள் குளத்துத் தண்ணீரைத் தாளில் வடித்துக் குப்பியில் எடுத்து, துளி மருந்து விட்டுக் குலுக்கினாள். பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும். குப்பி நிறமே ஏறாமல், தெளிந்த தண்ணீராகவே நின்றது.

கொழுந்தன் தலையை நீட்டிப் பார்த்தான். "அண்ணி, உங்க குப்பியே சொல்லுதே, தண்ணி சுத்தமாம். குளம் பச்சையா இருக்கிறது நம்ம கண்ணுல உள்ள கோளாறு போல."

பக்கத்தில் நின்ற முதலாளி சிரித்தார். மண் லாரிக்குச் சொல்லி வைக்கட்டுமா என்றும் கேட்டார்.

அவளுக்குக் காது சுட்டது. பெட்டியை மூடப் போனவள் கை பாதியில் நின்றது. "தம்பி, ஒரு கடையில சரக்கே இல்லேன்னா, சரக்கு வரவே இல்லேன்னு அர்த்தமா?"

"வந்ததும் வித்துப் போயிருக்கும்," என்றான் அவன். வியாபாரி வாய், யோசிக்காமல் வந்துவிட்டது.

"அதேதான். உள்ள வர்றதை எல்லாம் பாசி வாசல்லயே வாங்கித் தின்னுடுது. குப்பிக்கு என்ன மிஞ்சும்? நான் அலமாரியைப் பார்த்தேன், வாசலைப் பார்த்திருக்கணும்."

குளத்துக்குள் வருகிற தண்ணீரை எல்லாம் தேட ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீரில் நிறமில்லை. கூரைத் தொட்டித் தண்ணீரிலும் இல்லை. கொழுந்தன் கொட்டாவி விட்டான். அவள் கண் குளத்தின் கரையைச் சுற்றி ஓடியது. விளிம்பு நெடுக முதலாளியின் செல்லப் பூந்தொட்டிகள், ஒவ்வொன்றும் குழந்தை மாதிரி கொழுத்திருந்தன. காலையில் அவரே உரம் கரைத்து ஊற்றுவார். அடித்துளை வழியாக மிச்சம் சொட்டுச் சொட்டாகக் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய மனிதரை நாலு பேர் முன்னால் குற்றவாளி ஆக்கினால் குளமும் போகும், வாடிக்கையும் போகும். அவள் தொட்டியடியில் சொட்டிய தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சுத்தத் தண்ணீர் கலந்து, மருந்துச் சீசாவை அவர் கையிலேயே கொடுத்தாள். "உங்க கைராசியைப் பார்ப்போம், முதலாளி."

அவர் துளி விட்டுக் குலுக்கினார். குப்பி மைக்கூடு போல நீலமானது.

முதலாளி தொட்டிகளைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "அப்போ பூவுக்குப் போட்டதுல பாதியைப் பாசிக்குப் போட்டிருக்கேன்," என்று தாமே சொல்லிக்கொண்டார்.

தொட்டிகள் அன்றே மாடிக்கு ஏறின. அவள் ஓரத்தில் படர்ந்த பாசியை வலை போட்டு அள்ளி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வேர் தொங்கும் மிதவைச் செடிகளை விட்டாள். மிச்சமிருந்த தீனிக்கு அவை பாசியோடு போட்டி போட்டன. ஒரு காலையில் அடிக்கல் தெரிந்தது. பிறகு அதன்மேல் ஒரு ஆரஞ்சு நிழல். தொப்பை மேலே வந்து, வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரன் தோரணையில் வாயைத் திறந்து மூடியது.

கெடு நாளில் மண் லாரி வரவில்லை. முதலாளி விருந்தாளிகளை எல்லாம் கூப்பிட்டு, இந்தக் கோளாறைத் தாமே சோதனை போட்டுக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். கடைக்காரி மறுக்கவில்லை. குளம் அவளுடைய பொறுப்பில் என்று வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது, கடை முகவரியோடு.

கொழுந்தன் மெல்ல வந்து சோதனைப் பெட்டி ஒன்று வேண்டும் என்றான். "சொந்தக்காரனுக்கு விலையில ஏதாவது பார்த்துக் குடுங்க, அண்ணி."

"கேன்ல நீ எனக்கு எவ்வளவு குறைச்சே?" என்றாள் அவள், தொப்பைக்கு இன்னொரு கைப்பிடி தீனி போட்டுக்கொண்டே.