ஜெயித்தவர்கள் கீழேயே இருக்கட்டும்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. பெரிய தரிசனமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, மேற்குக் கான்சாஸில் நான் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஊரில், டோனட் கடை வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் ஊர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, முந்தின நாள்தான் தன்னைவிடப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றை அதன் சொந்த மைதானத்திலேயே மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கடைக்கார அம்மாவிடம் சொன்னார்: "ஜெயிச்சுத் தொலைச்சுட்டானுங்க. இனிமே பெரிய காலேஜ்காரங்க நம்ம பசங்கள்ல ஒருத்தனையும் மிச்சம் வைக்க மாட்டாங்க, பாரு." அந்த அம்மா இழவு வீட்டில் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினாள்.

ஜெயித்த ஊர் ஏனய்யா இப்படிப் பேச வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோனட்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். [பொய். வாங்கினேன். சர்க்கரை தூவியது.]

2

முதல் தொடக்கம்: "நோலன் உன்ரூ குனிந்து, புல்லின் ஈர மணத்தை—"

நிறுத்து. அந்த மைதானத்தில் புல்லே கிடையாது. பச்சைப் பிளாஸ்டிக்.

இரண்டாம் தொடக்கம்: "அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கட்டமைப்பில் உறைந்திருக்கும் ஏற்றத்தாழ்வு என்பது—"

இப்படி வேறு யாராவது எழுதியிருந்தால் பாதியில் மூடி வைத்திருப்பேன்.

ஆட்களை நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன். நோலன் உன்ரூ, ப்ரேரி ஃபோர்க் கல்லூரி அணியின் சென்டர். குனிந்து நின்று பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, மறுநொடியே எதிரே பாய்ந்து வரும் தடியன்களை மறித்து நிற்பது அவன் வேலை. பந்தை வாங்கி எறிகிறவன் குவார்ட்டர்பேக் ட்ரேவன் பெட்டிஸ், நோலனின் அறைத்தோழன். எறிகிறவனின் முகம் பேப்பரில் வரும். மறிக்கிறவனின் பின்பக்கம் வரும். நோலன் இதைப் பற்றி ஒருநாளும் முனகியதில்லை. அவனுடைய அம்மாதான் பின்பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள்.

எதிரணி வாபன்சா பல்கலைக்கழகம்.*

* இரண்டு பெயரும் நான் வைத்தவை. தேடிப் பிடித்து யாருக்கும் மொட்டைக் கடிதம் போட்டுவிடாதீர்கள்.

வாபன்சா மேல் கான்ஃபரன்ஸில் இருக்கிறது, ப்ரேரி ஃபோர்க் கீழ் கான்ஃபரன்ஸில். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டணி. மேலே இருப்பவர்களுக்கு டிவி உண்டு, பெயர் உண்டு, பெரிய கோப்பைக்குப் போக வழி உண்டு. வாபன்சா மேலே வருடா வருடம் கடைசி. ப்ரேரி ஃபோர்க் கீழே வருடா வருடம் முதல். கடைசியில் நிற்பவன் இறங்க வேண்டியதில்லை, முதலில் நிற்பவன் ஏற முடியாது. மேலே இருப்பவர்கள் கூடிப் பேசிக் கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிடுவதும் ஆட்டத்தைப் பார்த்தா என்றால், அதுவும் இல்லை, அந்த ஊர்ப்பக்கம் எத்தனை வீட்டில் டிவி ஓடுகிறது என்று பார்த்து!

முதல் பந்தியில் உட்கார்ந்தவன் இலையை மூடவே மாட்டேன் என்றால் பின்னால் நிற்பவன் என்ன செய்வான்? சென்னை லீக் கிரிக்கெட்டில் கடைசி டிவிஷனில் கிடக்கும் க்ளப்கூட ஜெயித்து ஜெயித்து மேலே வரலாம். மேலே இருப்பவன் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்தச் சின்ன நியாயம் இவ்வளவு பெரிய தேசத்துக்குத் தோன்றவில்லையே, சீ!

(கட்டுரைக்குள் போய்விட்டேன். திரும்புகிறேன்.)

3

பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பும் சனிக்கிழமைக்கு ஹோம்கமிங் என்று பெயர். அன்றைக்குத் தோற்கக் கூடாது. வந்தவர்கள் முகம் வாடினால் நன்கொடையும் வாடிவிடும். ஆகவே சோப்ளாங்கி அணி ஒன்றைப் பார்த்து, அடி வாங்கிக்கொண்டு போகக் கூலியும் கொடுத்து, வரவழைப்பார்கள். அந்த வருடம் வாபன்சா கூப்பிட்டது ப்ரேரி ஃபோர்க்கை. கீழ் கான்ஃபரன்ஸ் என்றாலே சோப்ளாங்கி என்பது அவர்கள் நினைப்பு. கீழே யார் முதல், யார் கடைசி என்று பார்க்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அணி பஸ்ஸிலிருந்து இறங்கி வாகன நிறுத்தத்தின் நடுவே நடந்தது. இருபுறமும் பிக்கப் வண்டிகள், ஆட்டத்துக்கு முன் சுட்டுத் தின்னும் ரசிகர்களின் அடுப்புகள், ஒரே புகை. வாபன்சாவின் சிவப்பில் ஏப்ரன் கட்டிய ஒருவர் இடுக்கியை உயர்த்திக்கொண்டு கத்தினார். [இவருக்குப் பெயர் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிற்பாடு என்னிடமே சண்டைக்கு வருகிறார். டுவெய்ன் ஃபங்க் என்று இருக்கட்டும்.]

"வாங்க தம்பிகளா, வாங்க! செக்கையும் வாங்கிக்கங்க, உதையையும் வாங்கிக்கங்க!"

"சார், உங்க சாசேஜ் தீயுது," என்றான் நோலன்.

"வாயி ரொம்ப நீளமா இருக்கே! ஆட்டம் முடிஞ்சு நாலு மணிக்கு மேல பேசுவியாடா இப்படி?"

"வந்து பேசுறேன் சார். தீயாததா ஒண்ணு எடுத்து வைங்க."

"டேய் உன்ரூ, மூடிக்கிட்டு நட," என்று கோச் டல்லாஹன் பின்னாலிருந்து அதட்டினார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முழுவதையும் சொல்லப் போவதில்லை. கடைசித் தள்ளு மட்டும் போதும். நாலு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள், நேரம் முடியப் போகிறது, தாண்டினால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்கு ஓர் எட்டு பாக்கி.

"என் முதுகோட ஒட்டிக்கிட்டு வா," என்றான் நோலன்.

"எதிர்ல மூணு பேர் நிக்குறானுங்க மச்சான்."

"அது என் பாடு. நீ பந்தைக் கட்டிப் புடி."

கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தபோது நோலனுக்கு மேல் ஒரு மனிதக் குவியல். அதற்கு அடியில் கிடந்தபடியே வாணவேடிக்கைச் சத்தம் கேட்டான். வாபன்சாவின் வெற்றிக்காக வாங்கி வைத்தவை அவை. ஆட்டம் முடிந்ததும் கொளுத்து என்று சொல்லியிருந்தார்களாம். யார் ஜெயித்தால் கொளுத்துவது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

"நமக்கா வெடிக்குறாங்க?" என்றான் ட்ரேவன்.

"பின்ன? ஓசியில வந்தா வாங்கிக்கடா!"

நோலன் சிரித்தான், பிறகு அழுதான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விக்கி விக்கி அழுதான். அவனுக்கு இன்னும் ஒரே ஒரு வருட ஆட்டம் பாக்கி இருந்தது. அந்த வருடத்தை மேலே ஆட வேண்டும், இதே ஆட்களோடு ஆட வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். இனி எங்களைக் கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பார்கள், எடுத்துக்கொண்டுதானே ஆக வேண்டும் என்று அந்த மடையன் மனசார நம்பினான்.

4

(பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும் பகுதி. சுருக்கமாக இருக்கும்.)

நவம்பரோடு சீசன் முடிந்தது. ப்ரேரி ஃபோர்க் கீழே முதல். வாபன்சா மேலே கடைசி. எங்கிருந்தும் எந்த அழைப்பும் வரவில்லை. வேறொரு விஷயம் வந்தது. கோச் டல்லாஹன் பையன்களைக் கூட்டி வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"பசங்களா, உங்களாலதான் நான் இந்த உசரத்துக்கு வந்திருக்கேன். அத என் உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

"எந்த உசரத்துக்கு, கோச்?" என்று நோலன் கேட்டான்.

"வாபன்சா. ஹெட் கோச்சா கூப்பிட்டிருக்காங்க."

 நோலன் முன்னால் வந்தான்.

"அப்ப நாங்க எப்ப வர்றது, கோச்?"

அவர் அவன் தோளில் தட்டினார். "உனக்கு இல்லாததாடா? அடுத்த வருஷமும் ஹோம்கமிங்குக்கு உங்களையே கூப்பிடச் சொல்றேன்."

இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. நல்ல மனிதர், கிடைத்த ஏணியில் ஏறினார். இங்கே ஏணியே ஓர் ஆள் ஏறுகிற அகலத்துக்குத்தான் செய்திருக்கிறார்கள். கோச் ஏறலாம், பையன் ஒவ்வொருவனாகக் கல்லூரி மாறி ஏறலாம். ஜெயித்துக் கொடுத்த அணி மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த வருடம் அதே அணியைக் காட்டி, பார்த்தீர்களா, இவர்களுக்கெல்லாம் மேலே ஆடத் தகுதி ஏது என்பார்கள். திருடனே வந்து வீடு காலியாக இருக்கிறதே என்று சொன்னால் எப்படி இருக்கும்?

5

கதை என்னுடையது. சட்டமும் என்னுடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

"அந்த டிசம்பரிலிருந்து, மேலே கடைசியாக வந்த அணி கீழே இறங்கும், கீழே முதலாவதாக வந்த அணி மேலே ஏறும் என்று எல்லாக் கல்லூரிகளும் ஒப்புக்கொண்டன." எழுதியாயிற்று! ஊரில் ஹார்ன் சத்தம். டோனட் கடையில் எல்லாருக்கும் இலவசம். ட்ரேவன் கல்லூரி மாறி எங்கும் போக வேண்டியதில்லை. பக்கம் பக்கமாக எழுதினேன், ஆனந்தமாக எழுதினேன்.

அப்போதுதான் டுவெய்ன் ஃபங்க் ஏப்ரனோடு வந்து நின்றார்.

"யோவ் எழுத்தாளரே, எங்களை எறக்கிட்டு சந்தோஷமா இருக்கீங்களா? எம்பொண்ணு வாபன்சாவுல நீச்சல் டீம்ல இருக்கா. ஃபுட்பால் எறங்குனா வருமானம் போச்சு, மொதல்ல நீச்சல் டீமைத்தான் மூடுவானுங்க. அவ என்னய்யா பாவம் பண்ணுனா?"

நியாயமான கேள்வி.  நோலனைக் கேட்டேன். உனக்காகத்தானே இவ்வளவும் எழுதினேன், நீ என்ன சொல்கிறாய்?

"மேல போனா எனக்கும் ஆப்புதாங்க," என்றான் நோலன். "அங்க என்னைவிட ரெண்டு பங்கு தடியனைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. நான் பெஞ்சுல உக்காரணும்."

"அப்ப வேண்டாம்கறியா?"

"வேண்டாம்னு எப்பங்க சொன்னேன்? பெஞ்சா இருந்தாலும் எங்க டீம் பெஞ்சு. தோத்தா நியாயமா எறங்கி வந்துட்டுப் போறோம், மறுபடி ஏறுறோம். அவர் பொண்ணு டீமைக் காப்பாத்தணும்னா காப்பாத்தட்டும், நான் வேணாம்னேனா? அதுக்காக நாங்க காலத்துக்கும் அடி வாங்கப் போகணுமா? ஒருத்தன் கூப்பிட்டாத்தான் உண்டுன்னு வாசல்லயே நிக்கறோம் பாருங்க, அதாங்க அசிங்கம்."

ஃபங்க் தரையைப் பார்த்தார். "பையன் சொல்றதுல தப்பு இல்லதான்," என்று முனகிவிட்டுப் போனார்.

ஆக, என் ஆட்கள் இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. ஏன் தெரியுமா? "எல்லாக் கல்லூரிகளும் ஒப்புக்கொண்டன" என்ற அந்த ஒரு வரி. அதைக் காட்சியாக எழுதப் போனேன். மூடிய அறை, நீள மேஜை, மேலே இருக்கும் கல்லூரிகளின் தலைவர்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று எழுதினேன். ஒரு கையும் எழவில்லை. ஆட்டத்தில் தோற்றாலும் இடம் போகாது என்று இருக்கிறவன், தன் இடத்தைத் தானே பந்தயத்தில் வைப்பதாக எப்படி எழுதினாலும் பொய்யாக வந்தது. பேய்க்கதை எழுதியிருக்கிறேன், நம்பினார்கள். இதை நானே நம்பவில்லை.

6

எனவே சட்டம் பழையபடியே. டிசம்பர் மதியம், இருவரும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வாசல். ட்ரேவன் தோளில் பையோடு நிற்கிறான். தெருவில் அவன் காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எங்க, வாபன்சாவா?" என்றான் நோலன்.

"ம்."

"நாம அடிச்ச டீம்டா அது!"

"அடிச்சதாலதான் கூப்பிடுறாங்க."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு." ட்ரேவன் பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். "டீமோட ஏற வழி இருந்தா நான் ஏன்டா தனியா போறேன்? வேற படி இருந்தா காட்டு, அதுல ஏறுறேன். எங்கம்மா ரெண்டு ஷிஃப்ட் பாக்குறாங்க மச்சான். அப்பயும் சொல்றேன், நீ இருன்னு சொன்னா இருந்துடுவேன். சத்தியமா. சொல்லு."

முடிவு அ: "இரு," என்றான் நோலன், அவன் கையைப் பற்றி—

முடியாது. ஒரு பையனின் வருங்காலத்தைக் கிழித்து ஊர் மானத்துக்கு ஒட்டுப்போட நான் யார்?

முடிவு ஆ: "போய் நல்லா ஆடுடா," என்று நோலன் பெருந்தன்மையோடு சிரித்து—

கையை வெட்டினாலும் எழுத மாட்டேன். அவன் சிரித்துவிட்டால் அந்த மூடிய அறையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! போனவனும் சந்தோஷம், நின்றவனும் சந்தோஷம், பிறகென்ன குறை என்பார்கள். எனக்கு அடிவயிறு எரிகிறது.

மூன்றாவது முடிவு ஒன்று உண்டு, அணி முழுதும் சேர்ந்து ஏறுவது. அது அந்த மூடிய அறையின் நீள மேஜை மேல் இருக்கிறது. என்னை உள்ளே விடவில்லை.

 நோலன் ட்ரேவனின் தோளைப் பார்த்தான். "எத்தனை வாட்டிடா சொல்றது, எறியுற தோள்ல கனத்த மாட்டாதன்னு," என்று திட்டிக்கொண்டே பையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டான். அந்தத் தோள் அடுத்த வருடம் யாருக்காக எறியும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

பை இப்போது நோலன் கையில் இருக்கிறது. இடப்பக்கம் கார், வலப்பக்கம் இருவரின் அறை. நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை நீங்கள் எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த இரண்டு பையன்களையும் இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.