அண்ணியோட அறுபத்தோரு பதிவு

செடி நோய் ஆராய்ச்சி பண்றவங்க பேசிக்கிற ஆன்லைன் ஃபோரம் ஒண்ணுக்கு நான்தான் மாடரேட்டர். ஆறு வருஷமா, சம்பளம் கிடையாது. எங்க அண்ணியும் அதுல மெம்பர். காலேஜ் லேப்ல வேலை பார்த்துக்கிட்டே, நாப்பத்தெட்டு வயசுல பி.எச்.டி. பண்றாங்க.

விளம்பரக் கும்பல் தொல்லை தாங்காம ஒரு கிளீனிங் டூல் போட்டேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுற ஆளுங்களோட மெம்பர் நம்பரை லிஸ்ட் போட்டுத் தரும். நாமதான் திறந்து பார்த்து டிக் அடிக்கணும். ஞாயித்துக்கிழமை இருநூத்திச் சொச்சம் நம்பர் வந்துச்சு. முப்பது பேரைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் முடி வளர்ற எண்ணெய். சலிச்சுப்போயி மிச்சத்துக்கு மொத்தமா டிக் அடிச்சு, ஆளையும் பதிவையும் சேர்த்து அழிச்சிட்டேன்.

வியாழக்கிழமை அண்ணி போன் பண்ணாங்க.

"தம்பி, ஃபோரம் என்னை உள்ளயே விட மாட்டேங்குது. என் பழைய பதிவு வேணும்ப்பா. திங்கக்கிழமை கேப்பாங்க."

விஷயம் இதுதான். ஒரு இலைப்புள்ளி நோய்க்கு எந்தப் பூஞ்சை காரணம்னு மூணு வருஷம் முன்னாடியே அண்ணி கண்டுபிடிச்சு அங்க எழுதியிருந்தாங்க. இப்ப வேற யாரோ அதையே கட்டுரையா போட்டுட்டாங்க. நீங்க முன்னாடியே பார்த்ததுக்குத் தேதியோட ஆதாரம் காட்டுங்கன்னு தேர்வுக் குழு கேட்டிருக்கு. நோட்ல இருக்கிறது செல்லாது, நேத்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. போட்டோ இருந்த பழைய போனும் போயிடுச்சு.

லிஸ்ட்டைப் பார்த்தேன். அண்ணி நம்பர் இருந்துச்சு. ஒரே வரி, அறுபத்தோரு தடவை: 'தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.' எதை எழுதினாலும் அடியில அதைப் போடுவாங்க போல.

சர்வர் பார்த்துக்கிறவருக்கு போன் போட்டேன்.

"பேக்கப் இருக்கா சார்?"

"இருக்கு சார், நேத்தையது. தினமும் பழசு மேலயே புதுசு ஏறும். நீங்கதான இடம் பத்தலைன்னு அப்படி வைக்கச் சொன்னீங்க?"

ஆமா, நான்தான் சொன்னேன்.

அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். போனை அண்ணன் வாங்கினான். "எண்ணெய் விக்கிறவனையும் இவளையும் ஒண்ணா குப்பையில போட்டியாடா? எருமை!"

"விடுங்க, தம்பி வேணும்னேவா பண்ணாரு?"ன்னு பின்னாடி அண்ணி குரல். அவன் திட்டினதைத் தாங்கிக்கிட்டேன். இதைத்தான் தாங்க முடியல.

அழிச்சது நான்தான்னு லெட்டர் எழுதித் தரேன்னேன். அண்ணி அவங்க கைடுகிட்ட கேட்டுப் பார்த்தாங்க. "கொழுந்தனார் குடுக்கிற லெட்டரை யாரும்மா ஏத்துக்குவா?"ன்னுட்டாராம். மூணு வருஷம் முன்னாடி அந்தப் பதிவுக்குக் கீழ ஒரு விஞ்ஞானி பதில் எழுதியிருந்தாராம், அவருக்கு மெயில் போட்டேன். அந்த முகவரியே இப்ப இல்லன்னு திரும்பி வந்துடுச்சு.

மெம்பர்ங்க யாராவது அந்தப் பதிவை எடுத்து வெச்சிருக்கலாம், ஃபோரத்துலயே கேட்டுப் பார்க்கலாம்னாங்க அண்ணி. அதுக்கு அவங்க புதுசா சேரணும். விண்ணப்பம் என்கிட்டதான் வந்துச்சு. 'சேர விரும்பும் காரணம்'ங்கிற இடத்துல எழுதியிருந்தாங்க: நான் இங்க இருந்தேன்னு யாராவது சொல்லணும்.

அனுமதி குடுத்தேன். அவங்க பக்கம் திறந்துச்சு. பதிவுகள்: பூஜ்யம். சேர்ந்த தேதி: இன்னைக்கு.

கேள்வியைப் போட்டுட்டுக் கூப்பிட்டாங்க. "யாராச்சும் பார்ப்பாங்களா தம்பி?"

"பார்ப்பாங்க அண்ணி."

ஆன்லைன்ல ரெண்டு பேர்னு காட்டுச்சு. ஒண்ணு அண்ணி, இன்னொண்ணு நான்.