மில்லிங்கா இன்செர்ட்டா: எழுதாமல் விட்ட கட்டுரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது கதையாகும் என்று நான் நினைக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு கோல்ஃப் மன்றத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பட்டர் முகம், மில்லிங்கா இன்செர்ட்டா? கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தால் நல்லது என்றார்கள். நானும் சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக (போன ஆடி மாதம் வரை எனக்கும் தெரியாது): பட்டர் என்பது பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டை. வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மட்டையின் தலையை ஒரே இரும்புக் கட்டியிலிருந்து மெஷினில் குடைந்து எடுத்திருந்தால், பந்தில் படுகிற அதன் பக்கம் மில்லிங் முகம். பந்து பட்டதும் 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும். முகத்தில் பள்ளம் வெட்டி, மெத்தென்ற ஒரு தகட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அது இன்செர்ட். அதில் 'தப்' என்று சத்தம் அடங்கிப்போகும். பந்து எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கை சொல்கிறது என்றுதான் ஆடுகிறவர்கள் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால், காதும் சொல்கிறது என்பார்கள்.

கட்டுரையின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

'மனிதர்களில் இரண்டு வகை. சத்தம் வேண்டும் என்கிறவர்கள், வேண்டாம் என்—'

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரை எதையும் நான் படித்து முடித்ததில்லை.

2

மறுபடி ஆரம்பிக்கிறேன், இந்த முறை ஆட்களை வைத்து.

ஜெபமணிக்கு அறுபத்தொரு வயது. கோயமுத்தூர் கணபதியில் பம்ப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறை வைத்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பவர். கடையில் விற்கிற பட்டர் எதுவும் பிடிக்காமல், சொந்த மெஷினில், சொந்தக் கையால், ஒரு துருப்பிடிக்காத இரும்புக் கட்டியைக் குடைந்து தனக்கொரு பட்டர் செய்துகொண்டவர். மன்றத்தில் அந்த மட்டைக்குத் தனி மரியாதை உண்டு.

நசுருதீனுக்கு ஐம்பத்தேழு. பெரிய கடை வீதியில் பேரிங் கடை. ஜெபமணியின் பட்டறைக்கு முப்பது வருடமாக பேரிங் போடுகிறவர். அவரை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டதே ஜெபமணிதான். ஆனால் நசுருதீன் வாங்கியது இன்செர்ட். சனிக்கிழமை காலை இருவரும் ஆடவந்தால் இந்தப் பேச்சு இல்லாமல் முடியாது.

"பசையில ஒட்டுனத நம்பி ஒரு மனுசன் எப்படிங்க பாய் ஆடறது?"

"ஊட்லயும் சத்தம், கடைலயும் சத்தம். இங்கயாச்சும் கொஞ்சம் அமைதியா இருக்கட்டும், உடுங்ணா."

ஆண்டு மலருக்கு இதுவே போதும். இங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு பொன்னாடை கிடைத்திருக்கும். நான்தான் நசுருதீன் பின்னாலேயே இன்னும் ஒரு சனிக்கிழமை நடந்தேன்.

3

அது தை மாதம். ஏழாவது குழிக்குப் பக்கத்தில் ஆட்காட்டிக் குருவி தரையில் முட்டையிட்டிருந்தது. நால்வர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெபமணி பந்தின் முன் குனிந்து நின்றபோது, இரண்டு குருவிகளும் அவர் தலைக்கு மேலேயே வட்டமடித்துக் காது கிழியக் கத்தின. மற்ற மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெபமணியின் இமைகூட அசையவில்லை. அவர் அடித்தார். பந்து குழியைத் தாண்டி நான்கடி ஓடியது.

"பந்து போனாப் போகுதுங்க, கவனத்தப் பாருங்க," என்று கூட ஆடிய தமிழ்ச்செல்வன் வியந்துபோனார். இன்னொருவர் கைதட்டினார்.

நசுருதீன் கைதட்டவில்லை. ஆறு மாதமாகவே ஜெபமணியின் பந்துகள் ஒன்று தாண்டி ஓடுகின்றன, இல்லையென்றால் பாதியில் நின்றுவிடுகின்றன. அடித்து முடித்ததும் பந்தைப் பார்க்காமல் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறார். பேசும்போது உதட்டையே பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கவனித்திருந்த நசுருதீனுக்கு அன்றைக்குத்தான் அவை ஒன்றாகச் சேர்ந்தன.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. ஜெபமணியிடம் எல்லோருமே சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. அவரவர் குரல் தானாக உயர்ந்திருந்தது. தன் குரலும் உயர்ந்துதான் இருக்கிறது என்று நசுருதீன் உணர்ந்தார்.

4

(இங்கே நசுருதீன் மேல் எனக்கே சந்தேகம். முப்பது வருடச் சிநேகிதம். 'அண்ணா, காதை டாக்டர்கிட்டக் காட்டுங்க' என்று சொல்ல என்ன தடை? முதல் பிரதியைப் படித்த என் நண்பர் ஷாஹுலும் இதைத்தான் கேட்டார்: "நம்பற மாதிரி இல்லியே.")

நம்பித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூட 'உப்பு கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்க, ஆனா நல்லாத்தான் இருக்குதுங்க' என்று சொல்லி முடிப்போம். ஒரு மனிதரின் குறையை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் வாக்கியத்தில் அந்த 'ங்க'வை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியாது.

அதோடு, விஷயம் கோல்ஃபோடு நிற்காது என்பது நசுருதீனுக்குத் தெரியும். ஜெபமணி மெஷினை ஓடவிட்டு, கண்ணை மூடி நின்று, வெட்டும் உளி மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். பட்டறையே அந்தக் காதில்தான் ஓடுகிறது என்பது அவருடைய பெருமை. மகள் சாரா பெங்களூரிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் பட்டறையை விற்றுவிடச் சொல்கிறாள். காது போயிற்று என்று தெரிந்தால் அடுத்த மாதமே விற்றுவிடுவாள். அதற்குப் பிறகு ஜெபமணி காலையில் எழுந்து எங்கே போவார்?

அதனால் அந்தச் சனிக்கிழமை, ஜெபமணி முகத்தைப் பார்த்து, "சத்தம் எப்படிங்க பாய், மணியாட்ட இருந்துச்சுங்களா?" என்று கேட்டபோது நசுருதீன் சொன்னார்:

"அருமைங்ணா."

எட்டு மாதம் இதையே சொன்னார்.

5

பாவாத்தாள் முதல் பிரதியில் இல்லை.

ஜெபமணிக்குக் காது போனதால் என்ன நட்டம் என்று யோசித்தேன். ஒரு பந்து குழியில் விழாமல் போவது போதவில்லை. கதைக்கு ஒரு காயம் தேவைப்பட்டது. 'தேவைப்பட்டது' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணை வரவழைத்து, ஜெபமணியின் பட்டறையில் பதினோரு வருட வேலையையும் கொடுத்து, டிரில்லிங் மெஷின் முன்னால் நிறுத்தினேன்.

[முதலில் நான்கு விரல் போனதாக எழுதியிருந்தேன். அடுத்த பிரதியில் இரண்டு. இப்போது வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு. இதைக் கருணை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.]

டிரில்லில் கையுறை போடக் கூடாது என்பது விதி. வெட்டிய இரும்பின் ஓரத்துப் பிசிர் வழிக்கிற வேலையிலிருந்து நேராக வந்தவள், நூல் கையுறையைக் கழற்ற மறந்துவிட்டாள். மற்றவர்கள் பத்தரை மணி டீக்குப் போயிருந்தார்கள். கையுறையின் நுனியை டிரில் பிடித்துச் சுற்றியது. நிறுத்துகிற பொத்தான் மெஷினின் வலது ஓரத்தில், மாட்டிக்கொண்ட கைக்கு அப்பால் இருந்தது. இடது கை அதுவரை எட்டவில்லை. மெயின் சுவிட்ச் ஜெபமணியின் தோளுக்குப் பக்கத்தில். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு துண்டை அளந்துகொண்டிருந்தார். நான்கடி தூரம்தான்.

கையுறை கிழிந்து கை வெளியே வந்த பிறகு, அவளே நடந்துபோய் இடது கையால் அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். பார்த்தார். முதலில் சுவிட்சை அணைத்தார். பிறகு தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றினார்.

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமில்ல கண்ணு," என்றார். அழுதுவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்பவேண்டும். தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், தையல் போட்டு முடியும்வரை வெறும் பனியனோடு வராந்தாவில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சனிக்கிழமை நசுருதீனிடமும் சொன்னார்.

"நாலடி தூரத்துல நின்னனுங்க பாய். பயத்துல வாயடைச்சுப் போச்சாட்ட இருக்குது அம்மணிக்கு. ஒரு சத்தம் குடுத்திருந்தா கையக் காப்பாத்தியிருப்பேன்."

நசுருதீன் ஏதோ சொல்ல வாயெடுத்து

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரும் முடிக்கவில்லை.]

6

நசுருதீன் சூலூருக்குத் தனியாகப் போனார். ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, இரண்டு முறை வழி கேட்டு, அவள் வீட்டைக் கண்டுபிடித்தார். பாவாத்தாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், இடது கையால்.

"வாங்க பாய். நீங்க எதுக்குங்க இவ்ளோ தொலைவு."

அவர் கையைப் பற்றி விசாரித்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லாமல் ஆரஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ கூப்பிட்டனுங்க," என்றாள் அவள். "மொதலாளி, மொதலாளின்னு ரெண்டு தடவ. மூணாந்தடவ பேரச் சொல்லியே கத்திப்போட்டனுங்க. மொதலாளியப் பேர் சொல்லிப்போட்டமேன்னு அந்த வலியிலயும் ஒரு வெக்கமுங்க."

நசுருதீன் ஆரஞ்சுப் பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இப்ப வாயிருந்தும் கூப்பிடத் தெரியாதவன்னு ஊரே பேசுது. என்ற பையன் கவினே கேக்கறானுங்க, ஏம்மா கத்தாம நின்னேன்னு. கத்துனேன்டான்னா, பொறகு மொதலாளி ஏன் அப்படிச் சொல்றாருங்கறான். அவிய பொய் சொல்ற ஆளில்லீங்களே. எனக்கே சில சமயம் சந்தேகமா இருக்குதுங்க, நான் கத்துனனா, மனசுக்குள்ளயே கத்திக்கிட்டனான்னு."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவியளுக்குக் காது கேக்கறதில்லையோன்னு எனக்கு ஒரு நெனப்பு. நான் அதைச் சொன்னா, தான் செஞ்ச தப்ப மறைக்கப் பெரிய மனுசர் மேல பழி போடறான்னு ஆயிருமுங்க. நீங்க கூடவே ஆடறவிய. உங்களுக்குத் தெரியுங்களா பாய்?"

"விசாரிச்சுட்டுச் சொல்றனுங்க அம்மணி," என்றார் நசுருதீன்.

"அவிய என்னைய நல்லாத்தான் பாத்துக்கறாங்க, அதுல குறையில்லீங்க. நான் கூப்பிட்டேன்னு ஒருக்கா அவிய வாயால சொன்னாப் போதுமுங்க."

நசுருதீன் காரை சிங்காநல்லூர் வரை ஓட்டிக்கொண்டு வந்து, ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொன்ன தன் வாயை அவருக்குப் பிடிக்கவில்லை.

(இந்தப் பகுதி முழுவதும் நேற்று எழுதியது. அதற்கு முந்தைய பிரதியில் பாவாத்தாளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. 'அவள் திகைத்து நின்றாள்' என்று எழுதி, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவள் கூப்பிட்டாளா என்று நானும் கேட்கவில்லை. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.)

7

முடிவுகள்.

முதலாவது: நசுருதீன் ஒன்றும் சொல்லவில்லை. பாவாத்தாளை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஜெபமணி வீட்டுக் கேக் அவள் வீட்டுக்குப் போனது. எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. அதனாலேயே பயந்து கிழித்தேன்.

இரண்டாவது: நசுருதீன் சாராவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். சாரா வந்தாள், கையோடு அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள், பட்டறை கைமாறியது. ஆனால் இதில் ஜெபமணியிடம் யாரும் எதையும் நேராகச் சொல்லவில்லை, அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேசிமுடித்தார்கள். அதைத்தான் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். பாவாத்தாள் கேட்டது அப்போதும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது: தை மாதத்துக்கே திரும்பிப் போய், 'அருமைங்ணா' என்பதை அடித்துவிட்டு வேறொரு சொல்லை எழுதுவது. பாவாத்தாளுக்கு விரல் மிஞ்சும். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. நசுருதீனுக்கு இல்லை. அவருக்கு இல்லாததை நான் எடுத்துக்கொள்வது சரியாகப்படவில்லை.

நான்காவதை முழுவதும் எழுதவில்லை. எழுதிய வரைக்கும் தருகிறேன்.

8

சனிக்கிழமை காலை ஆறரை மணி. பயிற்சிப் புல்வெளிக்கு ஆடுகிறவர்கள் வேறு யாரும் வரவில்லை. நசுருதீன் ராத்திரி தூங்காத முகத்தோடு வந்திருந்தார்.

"அண்ணா, ஒரு பந்தயமுங்க. நீங்க அப்படித் திரும்பி நில்லுங்க. ரெண்டு மட்டைலயும் மாத்தி மாத்தி அடிக்கறேன். எது மில்லிங், எது இன்செர்ட்டுன்னு காதுல கேட்டே சொல்லோணும். சரியாச் சொல்லிப்போட்டீங்கன்னா நான் இனிமே இன்செர்ட்டத் தொடறதில்லைங்க."

ஜெபமணி அவர் உதட்டைப் பார்த்தபடி கேட்டார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. அது பயமா, எரிச்சலா என்று நசுருதீனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"இதென்னங்க பாய் சின்னப் புள்ள வெளையாட்டு," என்று சிரித்துவிட்டு, தூரத்து மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நசுருதீன் தன் மட்டையை எடுக்கவில்லை. ஜெபமணி செய்த மட்டையையே எடுத்தார். இரண்டில் சத்தம் அதிகம் அதற்குத்தான். கேட்டுவிடட்டும் என்று அவர் மனதார வேண்டினார். தான் நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கட்டும், எட்டு மாதமும் தப்பாக இருக்கட்டும்.

அடித்தார். அந்தக் காலை நேரத்தில் 'டிக்' என்ற சத்தம் வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பந்து உருண்டு, குழியின் விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்தது.

ஜெபமணி அசையாமல் நின்றார். கால் நிமிடம் ஆகியிருக்கும்.

"ம், ரெடிங்க பாய்," என்றார் மலையைப் பார்த்தபடியே. "எப்ப வேணும்னாலும் அடிங்க."

9

இதற்கு அடுத்த வாக்கியம் நசுருதீனுடையது. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவர் நல்லவராகத் தெரியவேண்டும் என்ற என் ஆசைதான் இருந்தது, ஜெபமணி இல்லை, பாவாத்தாளும் இல்லை. அதனால் உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

மட்டை உங்கள் கையில் இருக்கிறது. அவர் இன்னும் திரும்பவில்லை. என்ன சொல்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எதுவானாலும் நடந்துபோய் அவர் முகத்துக்கு எதிரே நின்று சொல்லுங்கள். இங்கிருந்து சொன்னால் அவருக்குக் கேட்காது.